மூட்டை விழும் பக்கம்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

நடுவட்டம் பஜாருக்குப் பின்னால், மண் நிற்காது என்று காண்ட்ராக்டர் கைவிட்டுப் போன சரிவில் வீடு கட்டினேன். அக்கம்பக்கத்துச் சுவர்களெல்லாம் மழையில் விழுந்தன; என் வீட்டில் ஒரு கல் நகரவில்லை. எஸ்டேட் லாரிகள் மழையில் நனைந்துகொண்டிருந்த காலத்தில், ஃபேக்டரியில் கழித்துப் போட்ட தகரத்தைக் கேட்டு வாங்கி ஷெட் போட்டேன். இன்றைக்கும் வண்டிகள் அதற்குள்தான் நிற்கின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஒரு மகளை நர்ஸ் ஆக்கினேன், இன்னொருத்தியை டீச்சர் ஆக்கினேன். எங்கள் எஸ்டேட் ரோட்டில் வருஷா வருஷம் நடக்கிற பைக் ரேஸை மலை முழுக்க ஜனம் நின்று பார்க்கிறதே, அவர்கள் நிற்கிற இடம் ஒவ்வொன்றும் நான் பார்த்து வைத்தது.

அவர்கள் நிற்காத இடம் ஒன்று இருக்கிறது. அதையும் நான்தான் பார்த்து வைத்தேன். இந்தக் கட்டுரையே அந்த இடத்துக்காகத்தான்.

ரேஸ் கிளப் செயலாளர் பிரதீப் போன மாதம் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன், வந்தால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவான். இந்த வருஷம் விழா மலர் போடுகிறார்களாம்.

"ஐயா, நீங்க எப்படி ஸ்பாட் செலக்ட் பண்ணுனீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இப்பல்லாம் நாங்க டிரோன் பறக்க விட்டுப் பாத்துக்கறோம். எந்த வளைவு நல்லாத் தெரியுதுன்னு அதுவே காட்டிடுது."

"தெரியறதைக் காட்டும் தம்பி. அங்க நிக்கலாமா வேண்டாமான்னு காட்டுமா?"

அவன் சிரித்தான். "அதைத்தான் ஒரு பக்கத்துல எழுதச் சொல்றேன்."

"ஒரு பக்கத்துல அடங்காது."

"சரிங்க, அடங்குற வரைக்கும் எழுதுங்க."

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கம் கூடிப்போச்சு என்று பிறகு வெட்டக் கூடாது.

என் அப்பா அன்னூர்ப் பக்கமிருந்து பிழைக்க மலையேறியவர். நான் இலை லாரிக்கு கிளீனராகப் போனேன், பிறகு டிரைவர் ஆனேன், கடைசியில் எஸ்டேட் லாரிகள் அத்தனைக்கும் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றேன். இடையில் பட்டதைச் சொன்னால் அது தனிப் புத்தகம். இங்கே தெரிய வேண்டியது ஒன்றுதான்: இலை மூட்டை.

பறித்த இலையை எடை போட்டு, வலைச் சாக்கில் கொட்டி, லாரியில் அடுக்குவோம். நெல் மூட்டை மாதிரி இறுக்கிக் கட்ட முடியாது. இறுக்கினால் இலை நசுங்கிச் சூடேறிச் சிவந்துவிடும். ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கர் வாயில் விழ வேண்டியிருக்கும். அதனால் மேல் வரிசையைத் தளர்வாகத்தான் கட்டுவோம். தளர்வாகக் கட்டிய மூட்டை வளைவில் விழும். எந்த டிரைவராக இருந்தாலும் விழும். ஆனால் கண்ட இடத்தில் விழாது. ஒவ்வொரு வளைவிலும் விழுகிற இடம் ஒன்று உண்டு, அதே இடத்தில்தான் விழும். வேலை முடிந்து ரோட்டில் நடக்கிற பெண்கள், லாரிச் சத்தம் கேட்டதும் எந்த வளைவில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதை மூட்டை விழுந்து விழுந்தே கற்றுக்கொண்டார்கள். மூட்டை விழும் பக்கம் எவரும் நிற்க மாட்டார்கள்.

முதல் வருஷம் ரேஸ் நடத்த வந்தவர்கள் கீழே பாலத்திலிருந்து மேலே ஃபேக்டரி வரை ரோட்டை அளந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு வண்டியை விடுவது, யார் சீக்கிரம் ஏறுகிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். ஜனத்தை நிறுத்த, இடம் அகலமாக இருக்கிற வளைவாகப் பார்த்து வெளிப்பக்கமெல்லாம் கயிறு கட்டினார்கள். எல்லாம் மூட்டை விழும் பக்கம். நான் சும்மா இருக்கிற ஆளா? நேராகப் போய் அவர்கள் தலைவரிடம் நின்றேன்.

அந்தத் தலைவர்தான் தேவசகாயம் சார். வெடிமருந்து ஃபேக்டரியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெடிமருந்தோடு காலம் தள்ளியதாலோ என்னவோ, குரலை உயர்த்தவே மாட்டார். கிளீனர் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கையில் எப்போதும் கறுப்புக் குடை. மழை பெய்தாலும் விரிக்க மாட்டார். அது அவருக்கு ஊன்றுகோல்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வேறு அதிகாரியாக இருந்தால், "லாரி ஓட்டுறவனுக்கு ரேஸ் என்ன தெரியும்?" என்றிருப்பார். இவர், "எனக்குக் காட்டுவீங்களா?" என்றார்.

"லாரியில ஏறுங்க சார்."

குடையோடு ஏறினார். மூட்டை ஏற்றிய லாரியில் பாலத்திலிருந்து ஃபேக்டரி வரை போனோம். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. கேபினுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாக, மேல் மூட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், "நஞ்சப்பன், இனி உங்க லாரிதான் நம்ம ஆபீஸ்," என்றார். கயிறுகளை எல்லாம் அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டினோம்.

அப்புறம் வருஷா வருஷம் இடம் பார்ப்பது எங்கள் இரண்டு பேர் வேலை. நான் இடத்தைக் காட்டுவேன், அவர் சோதிப்பார். சோதனை எப்படியென்றால், கைக்குட்டையை விரித்து அங்கே உட்கார்ந்துவிடுவார். என்னையும் உட்காரச் சொல்வார்.

"நாம நின்னு பாத்துட்டுப் போயிடுறோம். ஜனம் காலையில நிக்கும், வெயில் ஏறினா உக்காரும், சாப்பிட்டா படுத்துக்கும். படுத்திருக்கிறவனுக்கும் அந்த இடம் பத்திரமா இருக்கணும்."

ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று கேட்பார்: "வண்டி உங்களைப் பாத்து நேரா வருது. எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

நான் வாயைத் திறக்கக் கொஞ்சம் தாமதமானாலும் எழுந்து கைக்குட்டையை உதறுவார். "யோசிச்சிட்டீங்க. யோசிக்கிற இடம் நமக்கு வேண்டாம்."

நல்ல இடம் என்றால் என்ன என்று கேட்கிற இளசுகளுக்குச் சொல்கிறேன். நேர் ரோட்டோரம் நிற்கிறவன் ஏமாந்தவன். காதில் 'விர்'ரென்று ஒன்று கேட்கும், கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. பிரேக் பிடிப்பதும், சாய்வதும், மறுபடி முறுக்கிக் கிளம்புவதும் ஒரே பார்வைக்குள் வர வேண்டும். அது வளைவின் உள்பக்கத்து மேட்டில்தான் கிடைக்கும். ரோட்டை விட ஆள் உயரத்துக்காவது மேலே இருக்க வேண்டும். வண்டி கண்ணில் படும் முன்னால் காதில் விழ வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். கற்பூர மரத்தடி, அதாவது தைலமரத்தடி, ஆகாது. நிழல் சுகம்தான், ஆனால் அந்த மரம் பனியைச் சொட்டிக்கொண்டே இருக்கும், கீழே ரோடு காயாது, வண்டி வழுக்குவது அங்கேதான். மத்தியானத்துக்கு மேல் கூடலூர்ப் பக்கமிருந்து மிஸ்ட் ஏறிவரும். காலையில் ராஜா மாதிரி இருந்த இடம் அப்போது வெள்ளைத் துணி போட்டு மூடினது மாதிரி ஆகிவிடும். ரோட்டுக்குக் கிட்டத்தில், நேர் மேலே இருக்கிற இடம் மட்டும் மிஸ்ட்டுக்குத் தப்பும். இத்தனையும் பார்த்து வைத்தால், ஒரு வருஷம் நான் பிடித்து வைத்த முதல்தரமான மேட்டில் காலையில் காட்டெருமை ஒன்று வந்து படுத்திருந்தது. என் மச்சினன் சுப்பு, "மாமா, போயி டிக்கெட் கேளுங்க," என்றான். அது எழுந்து போகிற வரை அந்த மேட்டுக்காரர்கள் எல்லாம் ரோட்டிலேயே காத்துக் கிடந்தார்கள்.

இனி அந்த நிற்காத இடத்துக்கு வருகிறேன்.

பாலத்திலிருந்து ரோடு நேராக ஏறிவந்து கொண்டை ஊசியாகத் திரும்புகிற இடம் ஒன்று உண்டு. மேட்டில் இலை எடை போடும் கொட்டகை இருப்பதால் அதற்கு எடைக் கொட்டகை வளைவு என்று பெயர். ரோடு திரும்பிவிடும், திரும்பாமல் நேரே போனால் தேயிலைக் காடு. அந்த வளைவிலும் மூட்டை விழும். ஆனால் அடர்த்தியான தேயிலைச் செடி மேல் விழுந்து, பூனை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கையை நீட்டி எடுத்து வந்துவிடலாம், ஒரு இலை சிந்தாது. அதனால் எஸ்டேட்டில் எவருக்கும் அந்த வளைவைப் பற்றிப் பயம் கிடையாது. செடி மறைப்பதால் ரேஸ் பார்க்கவும் அங்கே யாரும் போக மாட்டார்கள்.

ஒரு வருஷம் மழை ஓயத் தாமதமாகி, கவாத்து தள்ளிப்போய், ரேஸுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தக் காட்டில் கத்தி விழுந்தது. கவாத்து என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்கி விடுவோம். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் தங்கக் கூடாது. செடிக்கு நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு கிளையும் சீவின ஈட்டி மாதிரி நிற்கும்.

கவாத்து முடிந்ததும் அந்தக் காட்டிலிருந்து பாலம் தெரிந்தது, ஏறிவருகிற நேர் ரோடு முழுக்கத் தெரிந்தது, வளைவு தெரிந்தது, மேலே ஃபேக்டரி வரை தெரிந்தது. மலையில் இப்படி ஒரு இடம் அதுவரை இருந்ததில்லை.

ரேஸ் அன்று காலை நான் போய்ப் பார்க்கிறேன், தொழிலாளர் குடியிருக்கிற லயன் வீடுகளில் பாதி ஜனம் அங்கே. ஈட்டிக் கட்டைகளுக்கு நடுவே, செடி வரிசைச் சந்துகளில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுப்பு பஜாரில் டீக்கடை வைத்திருப்பவன். அடுப்பு, பாய்லர், வர்க்கி டப்பாவோடு அங்கேயே கடை பரப்பிவிட்டான்.

"ஏன்டா, யாரைக் கேட்டு இங்க வந்தே?"

"கூட்டத்தைக் கேட்டுத்தான் மாமா. கடை கூட்டத்துக்குப் பின்னாலதான போகும்?"

எல்லாருக்கும் முன்னால், முதல் பாயில் உட்கார்ந்திருந்தது பாக்கியம். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் எஸ்டேட்டில் இலை பறிக்கிறவள். அவள் மகன் குமார் அந்த வருஷம் ரேஸில் ஓடுகிறான். லயனிலிருந்து ரேஸில் ஓடிய முதல் ஆள் அவன்தான். பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் பூட்டித் தயார் பண்ணியிருந்தான். அவன் சட்டை முதுகில் நம்பரை மஞ்சள் துணியில் வெட்டித் தைத்தது பாக்கியம்.

"ட்ரைவரண்ணே, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். டீயை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"டீ அப்புறம் பாக்கலாம். பாக்கியம், இங்க உக்காரக் கூடாது, எந்திரி."

"என்னத்துக்கு? இந்தக் கவ்வாத்து மலையில இருந்தா எம் மகன் பாலத்துல கெளம்புறதுல இருந்து கடைசி வரைக்கும் தெரியுது. வேற எங்க நின்னா இப்பிடித் தெரியும், சொல்லுங்க?"

"எங்கியும் தெரியாது."

"அப்ப இங்கதானே உக்காரணும்?"

"இங்க மட்டும் உக்காரக் கூடாது."

அவள் பாயிலிருந்து அசையவில்லை. "டவுன்காரவுங்களுக்கு மேட்டுல நாற்காலி போட்டிருக்கீங்க. நாங்க கொழுந்து பறிக்கிற மலையில எங்களுக்கு ஒக்கார எடம் இல்ல. ஒரு நாளைக்கு எம் மகனப் பாக்க வந்திருக்கேன், வெரட்டுறீங்க."

சுப்பு பாய்லருக்குப் பின்னால் இருந்து, "அவருக்கு மச்சினன் ரெண்டு டீ வித்தாலே கண்ணு உறுத்தும் அக்கா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மேட்டில் நாற்காலி போட்டிருந்தது உண்மைதான்.

தேவசகாயம் சார் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். பாக்கியத்திடம் கேட்டுக்கொண்டு அவள் பாயிலேயே உட்கார்ந்தார். தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். பாலத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு வழக்கமாக என்னிடம் கேட்பதை அவளிடம் கேட்டார்.

"ஏம்மா, வண்டி நேரா இங்க வருது. எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

பாக்கியம் யோசிக்கவே இல்லை. "வண்டி இங்க வராதுங்கையா. லாரியில இருந்து மூட்ட விழுந்தாக்கூட செடி மேலதான் ஒக்காரும். அம்புட்டுப் பேருக்கும் தெரியும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பயம் தெரியாமல் இவர்கள் அங்கே உட்காரவில்லை. எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று மூட்டையிடம் படித்தவர்கள். அந்த மூட்டையே இந்த இடம் பத்திரம் என்று சொல்லிக் கொடுத்திருந்தது. அது செடி இருந்த காலத்துப் பாடம்.

சாரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனேன்.

"கயிறு கட்டினா தாண்டி வருவாங்க, நஞ்சப்பன்," என்றார். "போலீசை விட்டு விரட்டினா அடுத்த வருஷம் லயன்ல இருந்து ஒருத்தரும் ரேஸ் பக்கம் வர மாட்டாங்க. அவங்க ரோட்டுல நாம ஓட்டுறோம். என்ன செய்யலாம்?"

"மூட்டையவே சொல்ல வெப்போம் சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாரும் ரோட்டுக்கு மேல ஏறின பிறகுதான். ஒரு ஆள் கீழ இருந்தாலும் லாரி நகரக் கூடாது."

நல்ல இலையை வீணாக்குகிற புத்தி எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. ஒரு சாக்கில் முற்றின இலையும் ஓரத்தில் வளர்கிற பெரணிச் செடியும் திணித்து, எடைக்கு ஈரமண் போட்டுக் கட்டி, லாரியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். கயிறு போடவில்லை. ஜனத்தை மேட்டில் ஏற்றினோம். வேடிக்கை என்றதும் தானாகவே ஏறினார்கள். "பாயும் பாய்லரும் இருக்கட்டும், ஆள் மட்டும் ஏறுங்க," என்றேன். சுப்பு மட்டும் வர்க்கி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினான்.

பாலத்திலிருந்து லாரியை எடுத்தேன். நேர் ரோட்டில் வழக்கத்தை விடக் கொஞ்சம் முடுக்கி வந்து, எடைக் கொட்டகை வளைவில் திருப்பினேன். பின்னால் மூட்டை கிளம்பினது எனக்குத் தெரிந்தது, மேட்டில் 'ஓ' என்று சத்தம் கேட்டது. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.

செடி வரிசை மலையைச் சுற்றிப் போகிற வாக்கில் நடப்பட்டது. அந்த வாக்கில்தான் ரோடும் வருகிறது. அதனால் இரண்டு வரிசைக்கு நடுவே இருக்கிற சந்து, ரோட்டை நீட்டிப் போட்டது மாதிரி நேராகப் போகும். செடி மூடியிருந்த வரை அது யார் கண்ணிலும் படவில்லை. மூட்டை அந்தச் சந்தில் உருண்டு, பாக்கியத்தின் பாயைத் தாண்டி, பாய்லரைத் தள்ளிவிட்டு, அதற்கும் அந்தப் பக்கம் போய் நின்றது. போகிற வழியில் கட்டைகள் சாக்கைக் கிழித்துவிட்டன. பாய் மேலெல்லாம் பெரணியும் மண்ணும்.

பாக்கியம் இறங்கிப் போய்க் கிழிந்த சாக்கை விரலால் விரித்துப் பார்த்தாள். பாயை உதறிச் சுருட்டினாள்.

"கண்ணுக்குத் தடை இல்லைன்னா வண்டிக்கும் தடை இல்லை பாக்கியம்," என்றேன்.

"வெளங்குது. பேசாதீங்க," என்றாள்.

ஜனம் கலைந்து மேடுகளுக்குப் போனது. பாய்லர் நசுங்கினதற்கு சுப்பு இன்றைக்கும் என்னைப் பங்காளிச் சண்டைக்காரன் மாதிரிதான் பார்ப்பான். அந்தக் காட்டின் மேல் ஓரத்தில், வளைவு முடிகிற இடத்தில் ஒரு பாறை உண்டு. பாறைக்கு அந்தப் பக்கம் யார் எட்டிப் பார்த்தாலும் விரட்டிக்கொண்டு, ரேஸ் முடிகிற வரை நான் அதன் மேலேயே நின்றேன். மற்ற மேடுகளில் ஆள் நிறுத்துகிறவன் நாலு வண்டியாவது பார்ப்பான். நான் அன்று வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலிக் காட்டைப் பார்த்தேன்.

பாக்கியத்துக்கு எடைக் கொட்டகை மேட்டில், ரோட்டுக்கு நேர் மேலே இடம் பார்த்துக் கொடுத்திருந்தேன். டவுன்காரர் நாற்காலி ஒன்றை தேவசகாயம் சாரே கையில் தூக்கி வந்து போட்டார். அவள் அதில் உட்காரவில்லை. சுருட்டின பாயை அதில் வைத்துவிட்டு நின்றாள். அங்கிருந்து பாலம் தெரியாது, நேர் ரோடு தெரியாது. வளைவு திரும்பி வருகிற வண்டி காலடியில் கடந்து போகும், அவ்வளவுதான்.

குமாருக்கு முன்னால் கிளம்பியவன் சமவெளிக்காரப் பையன். நேர் ரோட்டில் நல்ல வேகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வளைவில் பிரேக் பிடித்தான், பின்சக்கரம் வழுக்கியது, ஆள் தரையோடு இழுபட்டு, வளைவோரம் தடுப்புக்கு நாங்கள் அடுக்கி வைத்திருந்த பெரணி மூட்டைகளில் போய் மோதி நின்றான். மணிக்கட்டு போனது, மற்றபடி எழுந்து உட்கார்ந்தான். வண்டி நிற்கவில்லை. மூட்டைகள் மேல் ஏறித் தாண்டி, அந்தச் சந்தில் இறங்கியது. என் சாக்கு போன அதே சந்து. கட்டைகளில் இடித்து இடித்து, பாய்கள் விரித்திருந்த இடம் முழுக்கக் கடந்து, பாய்லர் இருந்த இடத்தையும் கடந்து, கவிழ்ந்து கிடந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தினார்கள். பையனை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். வண்டியை எடுத்து, மூட்டைகளை மறுபடி அடுக்கி முடிப்பதற்குள் கூடலூர்ப் பக்கமிருந்து மிஸ்ட் ஏற ஆரம்பித்தது. ஒரு கொடிக்காரனுக்கு அடுத்த கொடிக்காரன் தெரிகிற வரை வண்டி விடக் கூடாது என்று தேவசகாயம் சார் சொல்லிவிட்டார். எல்லாரும் காத்திருந்தோம். கொஞ்சம் விலகியதும் குமாரை விட்டார்கள்.

தூரத்து மேடுகளில் இருந்தவர்களுக்கு அவன் வண்டிச் சத்தம் மட்டும்தான். பாக்கியத்துக்குக் காலடியில் ரோடு. வளைவு திரும்பி, வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சள் நம்பர் வந்தது, அவளுக்குக் கீழே போனது, மறுபடி வெள்ளைக்குள் மறைந்தது.

சாயங்காலம் அவளிடம் போய், "பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஒரு மூச்சு பாத்தேன். அந்த ஒரு மூச்சுக்கு உங்க மேல இருந்த கோவத்துல பாதி போச்சு ட்ரைவரண்ணே. மீதிய வச்சிருக்கேன்."

குமார் ஜெயிக்கவில்லை, ஆனால் நல்ல இடத்தில் வந்தான். அது வேறு கதை.

எல்லாரும் போன பிறகு தேவசகாயம் சார் கவாத்துக் காட்டுக்குள் தனியாக நடந்து போனார். பாக்கியத்தின் பாய் இருந்த இடத்தில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். மிஸ்ட் விலகி, கீழே பாலம் வரைக்கும் வெயில் அடித்திருந்தது.

"இங்க இருந்து நல்லாத்தான் தெரியுது, நஞ்சப்பன்," என்றார்.

எனக்கு வேறு பாராட்டு தேவைப்படவில்லை. அன்றைக்குத் தேவைப்படவில்லை என்று திருத்திச் சொல்கிறேன்.

ஏனென்றால் மறுநாள் பேப்பரில் போட்டிருந்தான்: 'அதிர்ஷ்டவசமாக அந்த இடத்தில் பார்வையாளர்கள் யாரும் இல்லை.' என் மகள்தான் படித்துக் காட்டினாள். நான் சாரிடம் பேப்பரைக் கொண்டு போனேன். அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். "ஆள் நிறைஞ்ச இடத்துக்குச் சாட்சி நிறைய இருக்கு. காலியா இருந்த இடத்துக்கு நாம ரெண்டு பேர்தான்," என்றார். இப்போது அவரும் இல்லை. அவர் இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தில் அவரே எழுந்து, குரலை உயர்த்தாமல் சொல்லியிருப்பார்.

இந்த வருஷ விழா மலரில் ரேஸின் வரலாறு என்று ஒரு பக்கம் வருகிறது. பிரதீப் அதை எனக்கு வாசித்துக் காட்டினான். அந்த விபத்து வருகிறது. 'அதிர்ஷ்டவசமாக' என்ற அதே சொல்லும் வருகிறது. நிற்கிற இடங்களுக்கெல்லாம் போர்டு வைத்திருக்கிறார்கள். பார்வை இடம் ஒன்று, இரண்டு என்று நம்பர், கீழே பணம் கொடுத்த கம்பெனிகளின் பெயர். என் பெயர் ஒன்றிலும் இல்லை. நிற்கிற இடங்களுக்கு என் பெயர் போடாவிட்டாலும் போகட்டும். நான் இல்லாவிட்டாலும் யாராவது ஒருத்தன் அவற்றைக் கண்டுபிடித்திருப்பான், டிரோன்கூடக் கண்டுபிடிக்கும்.

நான் கேட்பது இரண்டு. முதலாவது, அந்த வரலாற்றுப் பக்கத்தில் 'அதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லை அடித்துவிட்டு, அங்கே நஞ்சப்பன் என்று போடுங்கள். வாக்கியம் எப்படி முடியும் என்பது எனக்குத் தெரியாது, படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது, ஒரு போர்டு வேண்டும். அதில், 'எதிரே தெரியும் காட்டில் அன்று யாரும் இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டவர் இலை லாரி நஞ்சப்பன்' என்று எழுத வேண்டும். லாரி ஓட்டி வருகிறவனுக்கும் தெரிகிற மாதிரி எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

ஆனால் அந்தப் போர்டைக் காட்டுக்குள் நடாதீர்கள். அடுத்த கவாத்து வரப்போகிறது; படிக்கிறேன் என்று ஆள் அங்கே போய் நிற்பான். எடைக் கொட்டகை மேட்டில், பாக்கியம் நின்ற இடத்தில் நடுங்கள்.